தாகம் இல்லாமல் குடித்த தண்ணீர்: பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒரு மே மாத நடை

என் வேலை ஆலைப் பாதுகாப்பு. ஒரு வால்வு கசிந்தாலும், ஏணியிலிருந்து ஒருவர் வழுக்கி விழுந்தாலும், யார் மேல் தப்பு என்று தேடுவதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிவைப்போம். பதினாறு வருடமாகச் செய்கிற வேலை இது. சொந்த அக்காவுக்கு நடந்ததை அதே முறையில் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஐம்பது வயது தாண்டிய, பிபி மாத்திரை போடுகிற, நடக்க ஆசைப்படுகிற பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது படவேண்டும்.

நடந்தது இதுதான். மே மாத நடுவில், பெண்கள் மட்டும் போகும் ஆறு நாள் வழிகாட்டி நடைப்பயணம். ஐந்தாம் நாள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறி வரும்போது, 57 வயதான அக்காவுக்குக் குமட்டல், வாந்தி, பிறகு மனக்குழப்பம். வெயில் தாக்கிவிட்டது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அன்று மாலை மருத்துவமனையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், உப்பில் உள்ள சோடியம் லிட்டருக்கு 122 மில்லிமோல். இயல்பான அளவு 135 முதல் 145 வரை. அவள் உடம்பில் தண்ணீர் குறையவில்லை, மிஞ்சியிருந்தது.

பயணமும் குழுவும்

குழுவில் பதினொரு பெண்கள், இரண்டு பெண் வழிகாட்டிகள். 34 வயதிலிருந்து 66 வரை. நாங்கள் இருவர் மட்டும் தமிழ். அக்கா டெக்சாஸில் இருக்கிறாள், நான் இன்னொரு மாநிலத்தில். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போகும் முதல் பயணம் இது. அதற்காக அவள் நான்கு மாதம் தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழகினாள். இதைச் சொல்லாமல் விட்டால், தயாராகாமல் வந்தவள் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் என்னைவிட நன்றாகத் தயாராகி வந்தவள்.

பெண்கள் மட்டும் என்பது எங்களுக்குப் பெரிய நிம்மதி. பின்னால் நின்று "சீக்கிரம் வா" என்று சொல்ல ஆள் இல்லை. முதல் இரவே தலைமை வழிகாட்டி எல்லோரையும் உட்காரவைத்து, பாதையில் ஒதுங்குவது எப்படி, மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது, பயன்படுத்திய காகிதத்தை எந்தப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருவது என்று வெளிப்படையாகப் பேசினார். ஆளுக்கு ஒரு கறுப்புப் பை கொடுத்தார். அக்கா அதை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

அந்தப் பை பெட்டியின் அடிக்குப் போனதிலிருந்து இந்த விஷயம் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. பயணம் என்றால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நாங்கள் வளர்ந்த வீட்டுப் பழக்கம். பஸ் எங்கே நிற்கும், நின்றாலும் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் கால் வைக்க முடியுமா என்று யோசித்து யோசித்து, காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு சேரும்வரை ஒரு டம்ளரோடு சமாளிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் நாங்கள். அம்மா அப்படித்தான் இருந்தார். அக்காவும் அப்படித்தான்.

முதல் நான்கு நாள்

முதல் நாள் யூட்டாவில் சயான் தேசியப் பூங்கா. பருவ மாதங்களில் உள்ளே சொந்த வண்டி போகமுடியாது, பூங்காவின் பேருந்தில்தான் போகவேண்டும். கடைசி நிறுத்தத்தில் இறங்கி வர்ஜின் ஆற்றோரமாக நடந்தோம். ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடக்கும் நேரோஸ் என்ற இடுக்கு மூடியிருந்தது. மேலே பனி உருகி வரும் காலம் அது. ஓட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா அதை மூடிவிடும். மேட்டூர் அணைச் செய்தி படித்து வளர்ந்த நமக்கு 150 கன அடி ஒரு எண்ணாகவே தோன்றாது. ஆனால் ஆயிரம் அடி உயரச் சுவர்கள் இருபது முப்பது அடி இடைவெளியில் நெருங்கி நிற்க, நடுவே குளிர்ந்த நீர் வழுக்குக் கற்களின் மேல் ஓடும்போது அது ஆளைத் தள்ளிவிடும். மூடியது சரிதான்.

அன்று முழுக்க அக்கா அரை லிட்டர்கூடக் குடிக்கவில்லை. மாலையில் தலைவலி, உதடு வெடிப்பு. உதவி வழிகாட்டி அவளுடைய தண்ணீர்ப் பையைத் தூக்கிப் பார்த்து, அது நிறைந்தபடியே இருப்பதைக் கண்டு, கனிவாகத்தான் சொன்னார்: இது பாலைவனம், வியர்ப்பது தெரியாமலே காய்ந்துவிடும், தாகம் வருவதற்கு முன்பே குடிக்கவேண்டும், கால் மணிக்கு ஒருமுறை நாலு மிடறு. பதினொரு பேர் முன்னால் சொன்னார். அக்கா நாற்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்த அம்மாவின் மூத்த மகள். எல்லோர் முன்னிலும் ஒருமுறை திருத்தப்பட்டால் அதே தப்பை மறுபடி செய்யமாட்டாள்.

மறுநாள் அதே பூங்காவில் ஸ்கவுட் லுக்அவுட் என்ற இடம்வரை ஏறினோம். அதற்கு மேலே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற கத்திமுனைப் பாறைக்குப் போக 2022 ஏப்ரலிலிருந்து அனுமதிச் சீட்டு வேண்டும். குழுவில் யாருக்கும் அது இல்லை. ஏறும் வழியில் பாறையில் செதுக்கிக் கட்டிய 21 வளைவுகள் வரும். ஒவ்வொரு வளைவிலும் அக்கா நின்று குடித்தாள். அவளுடைய கைக்கடிகாரம் கால் மணிக்கு ஒருமுறை அதிர்ந்தது. அலாரம் வைத்திருந்தாள். "பார், எப்படிக் குடிக்கிறேன்" என்று என்னிடம் காட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான்.

மூன்றாம் நாள் பிரைஸ் கேன்யன். பெயரில் கேன்யன் இருந்தாலும் உண்மையில் அது ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அல்ல, பீடபூமியின் ஓரம் பனியிலும் மழையிலும் உதிர்ந்து உருவான அரைவட்டக் கிண்ணங்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் அங்கே வருடத்துக்கு நூற்றைம்பதுக்கும் மேல். விரிசலில் இறங்கிய நீர் உறையும்போது விரிந்து கல்லைப் பிளக்கிறது. அப்படிப் பிளந்து பிளந்து மிஞ்சிய தூண்கள்தான் ஹூடூ. காலை ஆறரைக்கு அந்த ஆயிரக்கணக்கான தூண்களின் மேல் வெயில் ஏறுவதை அக்காவும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்தாம் நாள் நடந்தது அந்தக் காலையை எங்களிடமிருந்து எடுத்துவிடவில்லை.

பிரைஸின் விளிம்பு ஏறக்குறைய 2,400 மீட்டருக்கு மேலே. அக்காவுக்குத் தலை வலித்தது. உயரத்தால் இருக்கும் என்று ஒருவர் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை கொடுத்தார். அன்று இரண்டு, மறுநாள் இரண்டு. நான்காம் நாள் வண்டியிலேயே கழிந்தது. சாயங்காலம் கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பை அடைந்து, டெசர்ட் வியூ கோபுரத்தில் ஏறிப் பார்த்தோம். 1932-ல் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஃபேன்டம் ராஞ்ச் என்ற தங்குமிடமும் அவர் வடிவமைத்ததுதான்.

ஐந்தாம் நாள், நேரவாரியாக

காலை 5:45. அக்கா பிபி மாத்திரை போட்டாள். அரைக் கிண்ணம் ஓட்ஸ், உப்பில்லாமல். கிளம்புமுன் ஒரு லிட்டர் தண்ணீர், "டேங்க் ஃபுல்" என்று சொல்லிக் குடித்தாள். விளிம்பில் குளிர் 5 டிகிரி.

7:00. பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கத் தொடங்கினோம். திட்டம், மூன்று மைல் ஓய்விடம்வரை போய்த் திரும்புவது: போக 4.8 கிலோமீட்டர், வர 4.8. இறக்கம் ஏறக்குறைய 645 மீட்டர். மலை ஏறுவதற்கு நேர் எதிர் இந்தப் பள்ளத்தாக்கு. சுலபமான பாதி முதலில் வரும், களைத்த காலோடு ஏறவேண்டியது கடைசியில். இறங்குவது உன் விருப்பம், ஏறி வருவது கட்டாயம் என்று அங்கே எச்சரிப்பார்கள்.

8:10. ஒன்றரை மைல் ஓய்விடம். மே மாதத்தில் அங்கே குழாயில் தண்ணீர் வரும். நிரப்பிக்கொண்டாள்.

9:20. மூன்று மைல் ஓய்விடம். அங்கேயும் குழாய். இதற்குள் வழியில் ஒன்றரை லிட்டர் போயிருந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். எல்லோரும் உப்பிட்ட கடலை, சிப்ஸ், பிரெட்ஸல் என்று கொறித்தார்கள். என் பையில் உப்பு நார்த்தங்காய் இருந்தது. நீட்டினேன். "பிபிக்கு உப்பு ஆகாதுடி" என்று தள்ளிவிட்டாள். ஆப்பிள் ஒன்று, உப்பில்லாத பாதாம் பத்துப் பன்னிரண்டு, அங்கேயே இன்னொரு லிட்டர் தண்ணீர். நிழலில் 26 டிகிரிதான். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்த மாதிரி இதமாக இருந்தது.

10:10. ஏறத் தொடங்கினோம். அக்காவின் நடை மெதுவானது. குழு இரண்டாகப் பிரிந்தது. தலைமை வழிகாட்டி வேகமாகப் போனவர்களோடு முன்னால், உதவி வழிகாட்டி எங்களோடு பின்னால். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு லிட்டர்.

11:20. வளைவுகளுக்கு நடுவே நின்றுவிட்டாள். குமட்டுகிறது என்றாள். தலை கனக்கிறது என்றாள். உதவி வழிகாட்டி நிழலில் உட்காரவைத்து, கழுத்தில் ஈரத்துணி போட்டு, வெயில் களைப்பு என்று சொன்னார். அரை லிட்டர் கொடுத்தோம்.

11:50. ஒன்றரை மைல் ஓய்விடத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தோம். வாந்தி எடுத்தாள். வெளியே வந்தது தெளிந்த தண்ணீர். வாந்தியில் போனதை ஈடுகட்ட வேண்டும் என்று, விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பொடியைக் கரைத்து இன்னொரு அரை லிட்டர் கொடுத்தோம். அங்கே இருந்த வேறு குழுக்காரர்கள்கூடத் தங்கள் பாட்டிலை நீட்டினார்கள். அத்தனை பேரும் நல்லவர்கள்.

12:05. அக்கா உதவி வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்: "பால் பொங்கிடும், அடுப்பை அணைச்சியா?"

இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். அந்த வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. களைத்துப்போனவள் தாய்மொழியில் தங்கையிடம் ஏதோ சொல்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். அவள் சொன்னதற்கு அர்த்தமே இல்லை என்பது அந்த இடத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், எனக்கு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் "அசதியில் உளறுகிறாள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம் யாரிடமும் சொல்லவில்லை. மனக்குழப்பம் என்பது ஒரு அறிகுறி, அதுவும் மிகப் பெரிய அறிகுறி. அதை நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

12:15. மேலிருந்து பூங்காவின் தடுப்பு மீட்புக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் இறங்கி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்தக் குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். 1996 கோடையில் அந்தப் பள்ளத்தாக்கில் வெப்பத்தால் பல உயிர்கள் போன பிறகு, 1997-ல் பூங்கா தொடங்கியது. ஆபத்தில் சிக்கியவரைத் தூக்கி வருவதற்கு முன்னால், சிக்காமல் தடுப்பது அவர்கள் வேலை. பாதையில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் எங்கே போகிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று பேச்சுக் கொடுப்பார்கள்.

அவர் முதலில் கேட்டது எவ்வளவு குடித்தாள் என்று. நான் பெருமையாகவே கணக்குச் சொன்னேன்: காலையிலிருந்து ஐந்தரை லிட்டர். அடுத்து, என்ன சாப்பிட்டாள்? ஆப்பிள், பாதாம். உப்புள்ளது ஏதாவது? இல்லை. என்ன மாத்திரை போடுகிறாள்? பிபி மாத்திரை. பிறகு அவர் அக்காவின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

அக்கா கையில் ஒரே ஒரு மெல்லிய தங்க வளையல் எப்போதும் இருக்கும். சாதாரணமாக அது மணிக்கட்டிலிருந்து முழங்கை பாதிவரை ஓடும். சாப்பிடும்போது மேலே தள்ளிவிட்டுத்தான் சாப்பிடுவாள். இப்போது அது மணிக்கட்டில் பதிந்து, இரண்டு பக்கமும் சதை மேடிட்டு நின்றது. மோதிர விரல் கொழுக்கட்டை மாதிரி பளபளவென்று வீங்கியிருந்தது. மோதிரத்தை அசைக்கவே முடியவில்லை. காலையிலிருந்து நான் பிடித்து நடத்திய கை அது. பார்க்கவில்லை.

"இனிமேல் தண்ணீர் வேண்டாம், ஒரு மிடறுகூட வேண்டாம்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு

உதவி கேட்கும் செயற்கைக்கோள் கருவி தலைமை வழிகாட்டியிடம் இருந்தது, அவர் மேலே போய்விட்டார். தன்னார்வலர் தன் ரேடியோவில் பேசினார். அவர் பையில் சூப்புக் கட்டிகள் இருந்தன. இந்த மாதிரி நேரத்தில் நாலைந்து கட்டிகளை அரை டம்ளர் நீரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுப்பார்கள். கடலைவிட உப்பாக இருக்கும். ஆனால் அது கோழிச் சூப்பு. பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிடும் அக்கா, அத்தனை குழப்பத்திலும் அந்த வாசனைக்கு வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்போதுதான் நார்த்தங்காய் நினைவுக்கு வந்தது. ஒரு துண்டை வாயில் வைத்தேன். சப்பினாள். கொஞ்சநேரம் கழித்து இன்னொன்று. விழுங்கும் நினைவு அவளுக்கு இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. கண் சொருகி நினைவிழந்தவர் வாயில் எதையும் திணிக்கக்கூடாது.

ஒன்றரை மணிக்குப் பூங்காவின் காவலர்களான ரேஞ்சர்கள் மருத்துவப் பைகளோடு வந்தார்கள். பிறகு ஒற்றைச் சக்கரம் வைத்த தூக்குக் கட்டில் வந்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், மாற்றி மாற்றிப் பிடித்து, 2.4 கிலோமீட்டர் ஏற்றத்தில் அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதையின் மேல்பகுதியில் பாறையைக் குடைந்த இரண்டு வாசல்கள் வரும். காலையில் அதன் கீழே நின்று போட்டோ எடுத்திருந்தோம். 4:20-க்கு விளிம்பு. அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஃபிளாக்ஸ்டாஃப், 130 கிலோமீட்டர்.

சோடியம் 122 என்று தெரிந்ததும் மூன்று சதவீத உப்புக்கரைசலை நூறு மில்லிலிட்டர் பத்து நிமிடத்தில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொருமுறை. சாதாரண சலைன் 0.9 சதவீதம்தான். இரவு ஒன்பது மணிக்கு அக்கா என்னைப் பார்த்து, "ஏன்டி அழுதிருக்கே?" என்றாள். மறுநாள் காலை 129, மூன்றாம் நாள் 134. வீட்டுக்கு விட்டார்கள்.

உடம்புக்குள் என்ன நடந்தது

மருத்துவர் எனக்குப் புரியும்படி சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். இரத்தத்தில் உப்பு ஒரு குறிப்பிட்ட அடர்த்தியில் இருக்கவேண்டும். வியர்வையில் உப்பும் நீரும் சேர்ந்து போகிறது. நாம் வெறும் நீரை மட்டும் திருப்பி ஊற்றினால் உப்பு நீர்த்துப்போகும். சாதாரண நாளில் சிறுநீரகம் மிச்ச நீரைக் கழித்துவிடும். ஆனால் நீண்டநேர உழைப்பு, குமட்டல், வலி இதெல்லாம் வரும்போது மூளை வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரந்து "நீரை விடாதே" என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. குடித்தது உள்ளேயே தங்குகிறது. விரல் வீங்குவது வெளியே தெரியும். மூளையும் வீங்குவது வெளியே தெரியாது, மண்டையோட்டுக்குள் இடமும் இல்லை. குமட்டல், தலைவலி, குழப்பம், கடைசியில் வலிப்பு.

இதில் அக்காவுக்குக் கூடுதலாக ஒன்று இருந்தது. அவள் போடுவது வெறும் பிபி மாத்திரை அல்ல, அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்தது. பல பிபி மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் ஒரு "எச்" ஒட்டியிருக்கும், அது இதுதான். சோடியத்தைக் குறைக்கக்கூடியது. சிறுநீரகம் மிச்ச நீரைக் கழிக்கும் திறனையும் குறைக்கும். ஐபுபுரூஃபனும் அந்த ஹார்மோனுக்குத் துணைபோகும் என்று மருத்துவர் சொன்னார். யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், மலைக்கோ பள்ளத்தாக்குக்கோ போகுமுன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

விளையாட்டு வீரர் பானம் ஏன் உதவவில்லை என்பதும் எனக்குப் புதிது. அப்படிப்பட்ட பானங்களில் சோடியம் பெரும்பாலும் லிட்டருக்கு இருபது மில்லிமோல் அளவில் இருக்கும். இரத்தத்தில் இருப்பது நூற்று நாற்பது. ஏழில் ஒரு பங்கு. நீர்த்துப்போன இரத்தத்தை அது இன்னும் நீர்க்கவைக்கும்.

இப்படிச் சோடியம் குறைவது பாலைவனத்துக்கு மட்டும் உரிய ஆபத்து இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இதனால்தான் இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2005-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், அதிக நேரம் எடுத்துக்கொண்டவர்கள் இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பெண்கள் கூடுதலாகச் சிக்குவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்: உடல் சிறியது, நடை மெதுவானது, அதனால் குடிக்கக் கிடைக்கும் நேரம் அதிகம்.

எங்கே தவறினோம்

பதிவுப் படிவத்தில் "உடல்நலக் குறைபாடு ஏதும் உண்டா" என்று கேட்டிருந்தார்கள். அக்கா "இல்லை" என்று எழுதினாள். பொய் சொல்லவில்லை. பிபியை ஒரு நோயாக அவள் நினைப்பதில்லை. நம் வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. "என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்" என்று கேட்டிருந்தால் பெயரைப் பார்த்து எழுதியிருப்பாள். என் துறையில் இதைத்தான் முதலில் திருத்துவோம். தவறான கேள்விக்கு வரும் நேர்மையான பதில் யாரையும் காப்பாற்றாது.

இரண்டாவது, அறிவுரையின் பாதிதான் கொடுக்கப்பட்டது. "குடி" என்பது பாதி. "சாப்பிடு, உப்போடு சாப்பிடு" என்பது மறுபாதி. கிராண்ட் கேன்யன் பூங்காவே தன் எச்சரிக்கைகளில் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. எங்களுக்கு முதல் இரவு உப்புத் தின்பண்டம் பற்றியும் சொன்னார்கள்தான். ஆனால் எல்லோர் முன்னிலும் அக்காவைத் திருத்தியது தண்ணீர் விஷயத்தில். மனதில் நின்றது அதுதான். அலாரமும் தண்ணீருக்குத்தான் அடித்தது.

மூன்றாவது, வெயில் களைப்பும் இந்தச் சோடியம் குறைவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குமட்டல், தலைவலி, தளர்ச்சி இரண்டிலும் உண்டு. வேறுபாடு கேட்டால்தான் தெரியும். வெயில் களைப்பில் பெரும்பாலும் ஆள் போதுமான அளவு குடித்திருக்கமாட்டார், வாய் உலர்ந்திருக்கும், சிறுநீர் குறைந்து கருமஞ்சளாக இருக்கும், நிழலில் ஓய்வெடுத்தால் தேறுவார். சோடியம் குறைந்தவர் நிறையக் குடித்திருப்பார், தாகம் இருக்காது, பெரும்பாலும் சிறுநீர் தண்ணீர் மாதிரி போயிருக்கும், கை வீங்கியிருக்கும், ஓய்வெடுத்தும் மோசமாவார். அன்று காலையில் அக்கா நான்கு முறை ஒதுங்கினாள். கடைசி இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட இல்லை. இந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

உதவி வழிகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தைந்து வயதுப் பெண். மருத்துவமனைக்கு வந்து இரவு பதினொரு மணிவரை என்னோடு உட்கார்ந்திருந்தார். அவர் செய்தது அத்தனையும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததுதான். வெப்பத்தால் செத்தவர்கள் எத்தனையோ பேர் உள்ள இடத்தில் வேலை பார்ப்பவர் தண்ணீர் கொடு என்று சொல்வதில் குற்றமில்லை. மே மாதக் காலையில், 26 டிகிரியில், கால் மணிக்கு ஒருமுறை என்ற கணக்கு ஜூலையின் கணக்கு. பருவத்தையும் ஆளையும் பார்த்து அதை மாற்றச் சொல்லித்தர வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு.

எது எங்களைக் காப்பாற்றியது என்று கேட்டால், மூன்று கேள்வி கேட்ட ஒரு மனிதர். அப்புறம், ஒரு தற்செயல்: வாந்தி எடுத்த இடம் பாதையின் மேல்பகுதி. அதுவே அதே பாதையில் விளிம்பிலிருந்து 7 கிலோமீட்டர் கீழே உள்ள ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்திருந்தால் கட்டிலில் தூக்கி வருவதைப் பற்றி நினைத்தே பார்க்கமுடியாது.

பிறகு மாறியவை

இந்த நேரக்கோட்டை அந்தப் பயண நிறுவனத்துக்கு அனுப்பினேன். படிவத்தில் இப்போது மாத்திரைகளின் பெயர் கேட்கிறார்கள். வழிகாட்டிகளின் பையில் காய்கறிச் சூப்புக் கட்டியும் இருக்கிறது. அக்காவின் மருத்துவர் நீர் மாத்திரையை எடுத்துவிட்டு வேறு கொடுத்திருக்கிறார். போன செப்டம்பரில் இருவரும் மறுபடி பிரைஸுக்குப் போனோம். கைக்கடிகாரத்தில் அலாரம் இல்லை. தாகம் எடுத்தபோது குடித்தாள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்தக் கறுப்புப் பை அவள் தோள்பையின் வெளி ஜிப்பில் இருந்தது.

இதை எழுதி முடித்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். ஒரு இடத்தில் மட்டும் விரலை வைத்தாள். 11:20-க்கும் 11:50-க்கும் "கொடுத்தோம்" என்று எழுதியிருந்தேன். "அந்த ரெண்டு பாட்டிலும் எனக்கு வேண்டவே வேண்டாம். தாகமே இல்லை. நீ பயந்துபோய் நின்னே. உனக்காகக் குடிச்சேன்" என்றாள்.

இரண்டு முறையும் பாட்டிலை நீட்டியது நான்.